சிவப்பு வட்டத்துக்குள் ஒரு நீலத் துளி

ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவில் நான் வேலை பார்த்த வடிவமைப்பு நிறுவனம் மே மாதம் என்னை அனுப்பிவிட்டு ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அது நிமிஷத்துக்கு நாற்பது லோகோ போடுகிறது, சாப்பிட வெளியே போவதில்லை, முதலாளியின் நாயைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில்லை. அதற்கு உட்கார நாற்காலியும் வேண்டாம் என்பதால் என் மேசையைக் காலியாகவே விட்டுவைத்திருந்தார்கள். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. என் இடத்துக்கு ஒரு ஆள் வந்திருந்தால் அவனைத் திட்டியாவது பொழுதைப் போக்கியிருக்கலாம்.

ஆகவே வரைகலையில் பட்டம் வாங்கிய நான் அந்தக் கோடையில் ஸ்கால்னா மலைவிடுதியில் பார்லிக் கஞ்சி பரிமாறினேன். விடுதியை நடத்துகிறவள் பொலோனா. விவாகரத்தையும் இந்த விடுதியின் சாவியையும் ஒரே வருஷத்தில் வாங்கியவள். இரண்டுமே லாபம் என்பாள். என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். ஆயிரம் மீட்டருக்கு மேலே எங்கள் நாட்டில் யாரும் யாருக்கும் 'நீங்க' போடுவதில்லை. கீழே நீதிபதியாக இருப்பவரும் மேலே வந்தால் 'நீ'தான். மலை எல்லோரையும் சமமாக்குகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். மூச்சு வாங்கும்போது மரியாதைக்குக் காற்று மிஞ்சாது என்பது என் விளக்கம்.

விடுதிக்குத் தண்ணீர் வந்தது பின்புறப் பாறையடியில் கிடந்த பனித்திட்டிலிருந்து. ஆகஸ்ட் வரை அது உருகும், குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும், நாங்கள் தேநீர் போடுவோம். இந்த வருஷம் ஜூனிலேயே அது ஒரு மேசைவிரிப்பு அளவுக்குச் சுருங்கியது. ஏறி வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஈரக்கல் மட்டும் இருந்தது. அதையும் படம் எடுத்தார்கள். மழையும் வரவில்லை.

ஜூலையில் வின்கோ லெகாத் ஏறி வந்தார். கீழே இருக்கும் போட்ஸ்காலா ஊரின் மலைச் சங்கத் தலைவர். விடுதி அந்தச் சங்கத்துக்குச் சொந்தம். வந்ததும் வராததுமாகக் கைத்தடியால் தொட்டியைத் தட்டினார்.

"கேட்டியா பொலோனா? காலி டப்பா மாதிரி சத்தம் வருது."

"அது காலி டப்பாதான் வின்கோ."

"ஹெலிகாப்டர்ல தண்ணி கொண்டுவர இனிமே சங்கத்தால முடியாது. கமிட்டி கூட்டத்தை இங்கயே வெச்சிருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத் தொட்டி பாதியாவது ரொம்பியிருக்கணும். இல்லைன்னா பூட்டிட்டு நீயும் எறங்கிடு."

"எறங்கறேன். எனக்கென்ன? ஆஸ்திரியாவுல ஒரு ஓட்டல்காரன் காலை டிபன் போட ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான். தங்க ரூம், திறந்தா வர்ற தண்ணி."

எனக்கென்ன என்று சொன்னவள் உள்ளே போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி அடுக்கினாள். வின்கோவின் பார்வை என் மேல் விழுந்தது.

"நீ எந்த ஊர்?"

"யெசெனிட்சே."

"அது சரி. உண்மையிலே எந்த ஊர்?"

"யெசெனிட்சே ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி."

"பேரு?"

"எல்விர் முய்கிச்."

"ம்ம். திரிக்லாவ் ஏறியிருக்கியா?"

"இல்லை."

"பார்த்தியா?" என்று பொலோனா பக்கம் திரும்பினார். பனி போனதற்கும் மழை வராததற்கும் காரணம் கிடைத்துவிட்ட மாதிரி.

நாட்டிலேயே உயரமான மலையான திரிக்லாவ் உச்சியில் ஒரு தடவையாவது நிற்காதவன் சரியான ஸ்லோவேனியன் இல்லை. முதல் தடவை ஏறுகிறவனுக்கு அங்கே கயிற்றால் பின்பக்கம் அடி விழும், ஞானஸ்நானம் மாதிரி. என் அப்பா போஸ்னியாவிலிருந்து வந்து எங்கள் ஊர் உருக்காலையில் பாதி ஆயுளை வேகவைத்தவர். "அடி வாங்கறதுக்கு எதுக்குடா மலை ஏறணும், கீழயே தாராளமாக் கிடைக்குதே" என்பார். நான் ஏறாததற்கு அது காரணமில்லை. எனக்குச் சோம்பேறித்தனம்.

வின்கோ இறங்கிப் போனதும் நான் பொலோனாவிடம் சொன்னேன், "நான் ஒரு டிசைனர். ஞாயித்துக்கிழமைக்குள்ள எதாவது பண்றேன்."

"டிசைனர்னா தண்ணி வரைவியா?"

"வர்றவங்களைத் தண்ணி கொண்டுவர வைப்பேன்."

"இவனுங்களையா?" என்று சிரித்தாள். "சாண்ட்விச்சை வீட்டுலேர்ந்து கட்டிட்டு வந்து நம்ம பெஞ்சுல உக்காந்து தின்னுட்டு, கழிவறைக்கு மட்டும் உள்ள வர்ற ஜனம்டா இது."

நல்ல வடிவமைப்பு உலகத்தை மாற்றும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதை மாற்றியது என்று கேட்டால் ஒரு நாற்காலியின் படத்தைக் காட்டுவார்கள். நான் நம்பிக்கையோடு ஒரு சுவரொட்டி போட்டேன். காய்ந்து வெடித்த பூமி, அதன் கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி, கீழே 'உங்கள் பேரக்குழந்தைகள் எதைக் குடிப்பார்கள்?' வரும்போது ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரும்படி சின்ன எழுத்தில் ஒரு வேண்டுகோள். அழகாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் காலி பாட்டிலை நீட்டி, "தம்பி, இதுல கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்குடேன்" என்றார்கள். ஒருவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லவேளை, எனக்குப் பேரக்குழந்தை இல்லை" என்று நிம்மதியாகக் கேக் கேட்டார்.

அன்று மாலை யோசித்தேன். பூமி யாருக்கும் சொந்த ஊர் இல்லை என்பதுதான் சிக்கல். அதற்கு ஹாக்கி அணி கிடையாது, கொடி கிடையாது, ஏறி நின்று அடி வாங்க ஒரு உச்சி கிடையாது. பூமிக்காக அழச் சொன்னால் எங்கள் ஆள் மரியாதையாகக் கொஞ்சம் வருத்தப்படுவான், அவ்வளவுதான். அவன் எதற்கு அசைவான்?

வாசலுக்கு எதிரே பாறையில் பதில் இருந்தது. சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் புள்ளி. மலைப்பாதைக் குறி. இந்த நாட்டில் எல்லா மலையிலும் பாறையிலும் மரத்திலும் அதுதான். எங்கள் ஆள் மனைவி சொல்லை மீறுவான், பாதிரியார் சொல்லை மீறுவான், மருத்துவர் சொல்லை மீறிவிட்டு அதைப் பற்றிப் பெருமையும் பேசுவான். சிவப்பு வட்டத்தை மீற மாட்டான். அது பள்ளத்தை நோக்கிப் போனால் பள்ளத்துக்கும் போவான்.

டப்பா மூடிகளைச் சேர்த்தேன். சிவப்பு வட்டம் போட்டேன். வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் துளி.

பொலோனா எட்டிப் பார்த்தாள். "வின்கோ உன்னைக் கொன்னுடுவார். அந்தக் குறியைப் போட சங்கத்துல பயிற்சி எடுத்தவங்களுக்குத்தான் உரிமை."

"பாறையில வரைஞ்சாத்தானே குறி? நான் கயித்துல தொங்கவிடப் போறேன். இது கலை."

"கலைன்னா இன்னும் மோசமா அடிப்பார்."

திட்டம் எளிது. கார் நிறுத்துமிடத்திலிருந்து, பாதை தொடங்கும் இடத்தில், என் தகரங்கள் ஆட்களைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி, ஊர் ஓரத்து ஊற்றுத்தொட்டிக்குக் கூட்டிப்போகும். அங்கே கழுவிவைத்த பாட்டில்களும் கேன்களும் இருக்கும். 'மேலே தண்ணீர் இல்லை, ஒன்று எடுத்துச் செல்லுங்கள்' என்று ஒரு பலகை. அங்கிருந்து தகரங்கள் அவர்களை மறுபடி மலைப்பாதைக்குக் கொண்டுவிடும். அந்தத் தொட்டி வின்கோ வீட்டுக் கொல்லையை ஒட்டி இருந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

சனிக்கிழமை மாட்டப் போனபோது தொட்டி வரைக்கும் போதுமான தகரம் இருந்தது. திரும்பி வருவதற்கு இல்லை. வந்த வழியே திரும்பிப் போகத் தெரியாதவர்கள் இருப்பார்களா என்று நினைத்து மேலே ஏறிவிட்டேன்.

ஞாயிறு காலை விடுதியில் ஒரு ஆளும் இல்லை. வெயில் அடிக்கிறது, விடுமுறை நாள், பாதையில் ஈ காக்கை இல்லை. பொலோனா முற்றத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சூப்பர் டிசைன்டா எல்விர். வர்றவங்களையும் நிறுத்திட்டே."

அப்போது தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. "என் கொல்லையில ஒரு பஸ் ஜனம் நிக்குது! அந்தப் பையனை உடனே கீழ அனுப்பு!"

ஓடினேன். வின்கோவின் கொல்லையில் நான் கண்ட காட்சியை எங்கள் நாட்டின் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம். குறைந்தது அறுபது எழுபது பேர், பூட்ஸ், கைத்தடி, முதுகுப்பை எல்லாம் சரியாக, ஊற்றுத்தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து அடுத்த வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் வழி தெரியவில்லை என்று ஆகிவிடுமே. ஒரு பெண்மணி லெட்டூஸ் இலைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒருவர் விறகுக் குவியல் மேல் ஏறித் தொலைவை ஆராய்ந்தார். ஒரு ஜோடி இதுதான் விடுதி என்று முடிவு செய்து சாண்ட்விச்சைப் பிரித்துவிட்டது. என் பலகையை யாரும் படிக்கவில்லை. அதில் வட்டம் இல்லை.

வின்கோ என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். இங்கே உயரம் அறுநூறு மீட்டர்தான்.

"மிஸ்டர் முய்கிச், இது நீங்க பண்ண வேலைதானே?"

இந்த உயரத்தில் நானும் 'நீங்க'தான் போட வேண்டும். "ஆமாங்க."

"இது தேசத்தோட குறி. தெரியுமா உங்களுக்கு? இதை நம்பித்தான் ஜனங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு நடக்கறாங்க. நீங்க அதை எடுத்து என் லெட்டூஸ் பாத்திக்குத் திருப்பியிருக்கீங்க!"

"திரும்பி வர்ற வழிக்குத் தகரம் தீர்ந்துபோச்சுங்க."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பளபளப்பான உடுப்பு போட்ட ஒருவர், பேச்சில் செல்யே பக்கத்து ஆள் என்று தெரிந்தது, இடையில் புகுந்தார். "ஏங்க, இங்கேர்ந்து விடுதிக்கு எவ்வளவு நேரம்?"

எந்தக் கோபத்தில் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் தானாக வரும். "ரெண்டரை மணி. நான் ரெண்டுல ஏறிடுவேன்" என்றார் வின்கோ.

"வெறும் பையோட யார் வேணும்னாலும் ஏறலாம்" என்றார் செல்யேக்காரர். அப்போதுதான் அவர் கண் கேன்கள் மேல் விழுந்தது, பிறகு பலகை மேல். "ஓ, இதுக்குத்தானா?" ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்து, ஊற்றில் நிரப்பி, எல்லோரும் பார்க்கும்படி மெதுவாகத் தோளில் மாட்டினார். "இதோட நானும் ரெண்டுல ஏறுவேன்."

கொல்லை அமைதியானது. எங்கள் ஜனங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் புது டிராக்டர் வாங்கி வரும்போது தெருவில் விழுகிற அமைதி.

லெட்டூஸைத் தூக்கிப் பார்த்த பெண்மணி எழுந்து வந்தார். கேனைப் பார்த்தார். "அஞ்சுதானா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கேன்களை எடுத்தார்.

அவ்வளவுதான். விறகுக் குவியலிலிருந்து ஆள் இறங்கினார். சாண்ட்விச் ஜோடி வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றது. ஒரு கணவன் "நமக்கு ஒரு பாட்டில் போதும்" என்று சொல்ல, மனைவி "கிரான்யிலேர்ந்து வந்தவங்க நாலு எடுத்திருக்காங்க, கண்ணு தெரியலையா?" என்றாள். கேன்கள் தீர்ந்தன. சிலர் தங்கள் பையிலிருந்த எலுமிச்சைச் சாற்றைக் கீழே கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள்.

வின்கோ தடியோடு நடுவில் நின்றார். கேன்களை வைத்துவிட்டுப் போகச் சொல்ல நினைத்தாரோ என்னவோ. செல்யேக்காரர் போகிற போக்கில் அவர் தோளைத் தட்டினார். "ஐயா, நீங்க எதையும் தூக்க வேணாம். உங்க வயசுக்கு உங்களைத் தூக்கிட்டு வந்தாலே பெருசு."

வின்கோ வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது முதுகில் பழைய பால் கேன் ஒன்றை வாரால் கட்டியிருந்தார். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது.

"மிஸ்டர் முய்கிச், நீங்களும் ஒண்ணு எடுங்க. சின்னதை எடுக்காதீங்க."

வழி முழுக்கத் திட்டினார். "உங்களை கமிட்டி முன்னாடி நிறுத்தப் போறேன். அபராதம் போடச் சொல்லப் போறேன். உங்களுக்கு இந்த மலையைப் பத்தி என்ன தெரியும்?" நானும் "ஆமாங்க", "இல்லீங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். காட்டு மரங்கள் முடியும் வளைவில் ஆயிரம் மீட்டர் என்று ஒரு பலகை உண்டு. அதைத் தாண்டினோம்.

"உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றார் வின்கோ.

"விடாதே வின்கோ. கொஞ்சம் மெதுவா நட, அது போதும்."

அவர் நின்றார். கேனை ஒரு பாறையில் சாய்த்து மூச்சு வாங்கினார். தூரத்தில் செல்யேக்காரரின் சட்டை தெரிந்தது. அதைக் கண்ணால் அளந்தார்.

"போன வருஷம் அந்தப் பனியை அளக்க ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க" என்றார். "டேப்பை எடுத்தாங்க, பார்த்தாங்க, மறுபடி உள்ள வெச்சுக்கிட்டாங்க. பாவம், காபி குடிச்சிட்டுப் போனாங்க." தோளில் வாரை இழுத்துச் சரிசெய்தார். "மழை ரெண்டு வாட்டி வந்தாத் தொட்டி தாங்கும். வரலைன்னா? ஒவ்வொரு வருஷமும் இப்படியேவா தூக்கறது?"

"தெரியலை வின்கோ. இந்த வருஷம் தூக்குவோம்."

"நீ பட்டணத்துல என்ன வேலை பார்த்தே?"

"இதே வேலைதான். இப்ப அதை மிஷின் பார்க்குது."

"இந்தத் துளியையும் அது போட்டிருக்குமா?"

"இதைவிட நல்லா போட்டிருக்கும். ஆனா திரும்பி வர்ற வழிக்குத் தகரம் சேர்க்க மறந்திருக்காது. எல்லாரும் ஒழுங்கா உன் கொல்லையைச் சுத்திட்டு வெறுங்கையோட மேல வந்திருப்பாங்க."

வின்கோ இதை யோசித்தார். எதிர்காலத்தில் என் தொழிலுக்கு இருக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கும் அப்போதுதான் தோன்றியது. சரியாகச் செய்வதை அது எடுத்துக்கொள்ளட்டும். உள்ளூர் ஆட்கள் எங்கே முட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று தெரிந்து தப்புச் செய்ய ஒரு ஆள் வேண்டும். அவன் அந்த ஊரிலேயே முட்டிக்கொண்டு நின்றவனாக இருக்க வேண்டும்.

மேலே தொட்டிக்கு முன்னால் வரிசை. பொலோனா ஏணியில் நின்று வாங்கி ஊற்றினாள். ஒருவரும் மலையைப் பார்க்கவில்லை, அடுத்தவர் கேனைப் பார்த்தார்கள். "எத்தனை லிட்டர்?" "எவ்வளவு நேரம்?" என் பேராசிரியர்கள் கூட்டுணர்வு என்று சொன்னது இதைத்தானா என்று தெரியவில்லை. பக்கத்து ஆளைவிட ஒரு லிட்டர் அதிகம். இந்தத் தேசம் இத்தனை காலம் சிதறாமல் இருப்பதே அதனால்தானோ என்று எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண் வந்தாள். கேனை ஊற்றினாள். எத்தனை லிட்டர் என்று சொல்லவில்லை, யாருடையதையும் பார்க்கவில்லை. தன் குடுவையிலிருந்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள். அவளை என் சித்தாந்தத்தில் எங்கே வைப்பது என்று தெரியாததால் சித்தாந்தத்தை எழுதவில்லை.

கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் மதியத்துக்குப் பிறகு வந்தார்கள். அவர்களுக்கு வழி தெரியும். என் தகரங்களைச் சீந்தாமல் நேர்ப்பாதையில் ஏறியிருந்தார்கள். அன்று விடுதிக்கு வெறுங்கையோடு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

வின்கோ தடியால் தொட்டியைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் கனமாக வந்தது, வந்தது, பிறகு மாறியது. மாறிய இடம் பாதிக்கு ஒரு சாண் கீழே. பொலோனா அதைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள்.

கூட்டம் தொடங்கியது. முதலில் நீலத் துளி. தேசக் குறிக்கு அவமானமா இல்லையா? ஒருவருக்கு அது துளி இல்லை, கண்ணீர், மலை அழக்கூடாது. இன்னொருவருக்கு நீலம் பிடிக்கவில்லை, அது செல்யே சங்கத்தின் நிறம். பேசப் பேசத் தொண்டை வறண்டது. தேநீர் கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள்.

பொலோனா கெட்டிலை மேசையில் டொக்கென்று வைத்தாள். "இது ஒரு அம்மா கிரான்யிலேர்ந்து வந்து தோள்ல தூக்கிட்டு வந்தது. குடிங்க. ஆனா பூட்டறீங்களா இல்லையா, அதைச் சொல்லிட்டுக் குடிங்க. ஆஸ்திரியாக்காரன் இன்னிக்குப் பதில் கேக்கறான்."

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "பாதின்னு நாம தீர்மானம் போட்டிருக்கோம். பாதி இல்லையே."

வின்கோ தன் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வார் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவர் பொருளாளரின் தோளைப் பார்த்தார். அதில் ஒன்றும் பதிந்திருக்கவில்லை.

"ஒரு சாண் குறையுது" என்றார். "அதைக் கமிட்டி தூக்கும். வர்ற ஞாயிறு ஆளுக்குப் பத்து லிட்டர்."

"வின்கோ, எனக்கு முதுகு—"

"எனக்கு மட்டும் முதுகு எங்க இருக்கு, முன்னாடியா? செப்டம்பர் கடைசி வரைக்கும் விடுதி திறந்திருக்கும். கையைத் தூக்குங்க. அதையாவது தூக்குங்க."

தூக்கினார்கள்.

"தகரம்?" என்றேன். "நாளைக்கே திரும்பி வர்ற வழிக்கும் மாட்டிடறேன்."

"மாட்டாதே!" என்றார் வின்கோ. "நேரா வெளியே போக வழி இருந்தா எவன் தண்ணி எடுப்பான்? ஆனா லெட்டூஸ் பக்கம் ஒரு கயிறு கட்டிடு."

பொலோனா உள்ளே போய் ஆஸ்திரியாவுக்குப் போன் செய்தாள். அவளுடைய ஜெர்மன் மொழி எப்போதும் முரட்டுத்தனமாக இருக்கும், அன்று பாட்டு மாதிரி இருந்தது. வெளியே வந்து, "அவனுக்கும் மழை இல்லையாம்" என்றாள். "கேன் வேணுமான்னு கேட்டேன்."

ஆகஸ்டில் ஒரு காலை வின்கோ பால் கேனோடு வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார். கேனை இறக்குவதற்கு முன்பே கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மரம். அதில் சிவப்பு வட்டம், நடுவே ஒரு துளி, பச்சை நிறத்தில்.

"திருட்டுப் பசங்க! அவங்க தலைவருக்குப் போன் பண்ணி நல்லாக் கேட்டேன். இது நம்ம எல்விர் வரைஞ்சதுய்யா, வெக்கமா இல்லையான்னு."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துளிக்கு முனையே இல்லை. இடுப்பு வேறு பெருத்திருந்தது. பேரிக்காய்.

தகரம் வெட்டும் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் பஸ் எப்போது என்று கேட்டேன்.

"எதுக்கு? அவங்களுக்குத் திருத்திக் குடுக்கவா?"

"பார்க்க சகிக்கலை வின்கோ. இந்த நாட்டுல இப்படி ஒரு துளி தொங்கக்கூடாது."

அவர் கேனைத் தொட்டியில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை பிடித்திருந்தார்.

"பஸ் கெடையாது. நான் கார்ல கொண்டுபோய் விடறேன்" என்றார். "ஆனா நம்மளதைவிட நல்லாப் போட்டுக் குடுத்துடாதே."